மூன்றாவது குழாய்

சங்ககிரியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பம்ப் ரூம் இருந்தது. லாரிக்காரர்கள் நிறைந்த ஊரில் அதற்குக் கோயிலுக்கு அடுத்த மரியாதை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மற்ற பட்டறைகளில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து தரை கறுத்துக் கிடக்கும். இந்த அறை மட்டும் மொசைக் தரையும் சாத்திய ஜன்னலுமாக டாக்டர் வீடு போல இருக்கும். டீசல் பம்புக்குள் துளி தூசி போனாலும் ஆகாது. அப்பா தன் டாடா 1210 லாரியின் மைகோ பம்பைக் கழற்றிக் கொண்டுபோகும்போதெல்லாம் நானும் கூடப் போவேன்.

டெஸ்ட் பெஞ்சில் பம்பை முடுக்கி, மோட்டாரைப் போட்டுச் சுற்றவிடுவார்கள். அதிலிருந்து ஆறு பைப்புகள் கிளம்பி ஆறு நாசில்களுக்குப் போகும். ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே அளவுக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். இத்தனை அடிக்கு இத்தனை சிசி என்று கணக்கு. எண்ணி முடித்ததும் பெஞ்ச் தானே நின்றுவிடும். ஆறு குழாயிலும் எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பம்ப் ரூம் பெரியவர் குனிந்து பார்ப்பார். நின்றபடி பார்த்தால் ஒரு சிசி கூடத் தெரியும், அதனால் கண்ணைக் குழாயின் மட்டத்துக்கே இறக்கிவிடுவார். ஒன்றில் குறைந்திருந்தால் அந்த எலிமெண்டின் திருகைத் தளர்த்தி மயிரிழை திருப்பி மறுபடி ஓட்டுவார். ஆறும் ஒரே மட்டத்துக்கு வர ஒரு மத்தியானம் முழுக்கப் போகும். வெளியே வண்டியை நிறுத்திவிட்டு லோடு வாடகை போகிறதே என்று அப்பா நின்றுகொண்டிருப்பார். ஆனாலும் ஒருநாளும் அவரை அவசரப்படுத்தியதில்லை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் 2011-இல் நடந்ததை இன்றைக்கும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கோவையில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் காசு சேர்த்து, 2009-இல் ஒரு சிவப்பு ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் வாங்கினேன், செகண்ட் ஹேண்டில். 2004-இல் இந்தியாவுக்கு வந்த வண்டி அது. 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வீதம் இருபது வால்வு, டர்போ, 150 குதிரைத்திறன். அன்றைக்கு நம் ஊர்ச் சாலையில் அந்த விலைக்கு அப்படி இழுக்கிற வண்டி வேறு கிடையாது. பார்க்கக் குடும்பஸ்தன் வண்டி மாதிரி இருக்கும். பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றலாம். மூன்றாவது கியரில் மிதித்தால் அவினாசி ரோடே பின்னால் சுருண்டு போகும். அந்த வண்டி மேல் எனக்கு இருந்த ஆசையை வேறு எந்தப் பொருள் மேலும் வைத்ததில்லை.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறை. அதை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் ஸ்போர்ட் என்பது கோவையின் ரத்தத்தில் ஊறியது. பார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-இல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்த பிறகு, செட்டிப்பாளையத்தில் அவர் பேரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. லேத் பட்டறையும் பவுண்டரியும் நிறைந்த ஊரில் ரேஸ் வண்டிக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் காலையில் படம் வரைந்து கொடுத்துச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் அந்தச் சூழலில் வந்தவர். கார்புரேட்டர் காலத்திலிருந்து இன்ஜின் பிரிப்பவர். லேப்டாப் வந்ததும் அதையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்.

அவரிடம் கொடுத்து டர்போவை ஒரு அளவு பெரிதாக்கினேன். வண்டியோடு வந்த சின்ன டர்போவை எடுத்துவிட்டு, அதே குடும்பத்தில் அடுத்ததான கே04. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூடவேண்டும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் வேலை அத்தனையும் இந்த ஒன்றில்தான் சிக்கியது.

இன்ஜெக்டர் என்பது ஒரு குழாய்தான். திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அதன் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் மாறாது; எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பெட்ரோலின் அளவு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை திறக்கும். 6,500 ஆர்பிஎம்மில் அந்த இரண்டு சுற்று முடிய ஆகும் நேரம் 18.5 மில்லி செகண்ட். அன்று லேப்டாப்பைச் செருகி வண்டியை ஓட்டிப் பார்த்தால் இன்ஜெக்டர் 17.4 மில்லி செகண்ட் திறந்தே கிடக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. அண்ணன் காரின் போனெட்டில் சாய்ந்து நின்று, "தம்பி, இது குழாயைத் தொறந்து வுட்டுட்டு எந்திரிச்சுப் போனாப்பலங்க" என்றார்.

எண்பது, மிஞ்சினால் எண்பத்தைந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கிற அளவு. அதற்கு மேல் போனால் ஊசி எழும்பவும் உட்காரவும் நேரம் பத்தாது. இன்ஜெக்டர் சூடாகும், ஊற்றுகிற அளவு ஒரே சீராக இராது. அதற்கு மேல் கேட்டால் கொடுக்கவும் ஒன்றும் மிச்சமிருக்காது.

சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டோம். அந்தச் சுவர் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரத்துக்குத் தாங்க ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் எரிக்கும். எங்களுக்கு வேண்டியது 210 குதிரைத்திறன். மணிக்கு 56,700 கிராம், நிமிஷத்துக்கு 945, அதை நாலாகப் பிரித்தால் சிலிண்டருக்கு 236 கிராம். பெட்ரோலின் அடர்த்தி 0.75 என்று வைத்து சிசியாக மாற்றினால் 315. வண்டியோடு வந்த இன்ஜெக்டரும் சுமார் 315 சிசிதான். அதாவது நாங்கள் கேட்கிற சக்திக்கு அது மூடவே கூடாது! எண்பது சதவீதத்தில் நிறுத்த வேண்டுமானால் 394. ஆகவே 400-க்கு மேல் ஏதாவது ஒன்று.

முதலில் குறுக்கு வழி ஒன்றைப் பார்த்தோம். நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கும் பொதுக்குழாயான ரெயிலில் இருக்கும் பிரஷர் ரெகுலேட்டர் 3 பாருக்கானது; அதை எடுத்துவிட்டு 4 பார் போடுவது. பத்து நிமிஷ வேலை. ஆனால் அழுத்தம் கூடுகிற அளவுக்கு ஊற்று கூடாது. வர்க்கமூலக் கணக்கில்தான் கூடும். மூன்றை நாலாக்கினால் பதினைந்து சதவீதம்தான் மிச்சம். அதுவே போதும் போலத்தான் தெரிந்தது. ஆனால் ரெயிலில் நிற்கும் அழுத்தம் டர்போ தள்ளும் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். 4 பாரோடு டர்போவின் 1.2 பாரும் சேர்ந்து 5.2 பாரை எதிர்த்து டேங்க் பம்ப் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் கொடுக்கும் அளவு குறையும், அது பழைய பம்ப் வேறு. 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் பிரஷர் கேஜ் முள் மெல்ல இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். பழைய ரெகுலேட்டரையே திருப்பிப் போட்டோம். இன்ஜெக்டரைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

அப்போது நம் ஊரில் புதுசாக வாங்குவது என்றால் வெளிநாட்டிலிருந்து தருவித்து, சுங்கமும் கட்டி, மாசச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுக்க வேண்டும். பழைய செட் ஒன்று கிடைத்தது. 420 சிசி, நாலு. வாங்கியது யாரிடம் என்பது இங்கே வேண்டாம். நாலையும் கழுவி, பெஞ்சில் போட்டு அளந்ததாக ஒரு அச்சடித்த சீட்டும் கூட வந்தது. நாலுக்கும் நேராக அழகான எண்கள், ஒன்றுக்கொன்று ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. சீட்டைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சாதாரணமாகப் பார்க்க வேண்டியதையெல்லாம் அண்ணன் பார்த்தார். மல்டிமீட்டரை வைத்து ரெசிஸ்டென்ஸ் பார்த்தார். பன்னிரண்டு ஓமுக்கு மேல். இந்த வண்டியின் கம்ப்யூட்டர் அந்த வகைக்குத்தான் நேராகக் கரண்ட் கொடுக்கும். இரண்டு மூன்று ஓம் உள்ள ரேஸ் இன்ஜெக்டரைச் செருகினால் கம்ப்யூட்டரின் டிரைவரே கருகிப் போகும். இன்ஜெக்டரின் நீளம், நுனியின் தடிமன், கனெக்டரின் வாய் எல்லாம் சரியாக இருந்தன.

அன்று ராத்திரி சங்ககிரிக்குப் போன் பண்ணி அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பெட்ரோல் கார் பழக்கமில்லை, ஆனால் எதையும் கேட்டுக்கொள்வார். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏஞ்சாமி, நாலும் ஒரே மட்டமா ஊத்துதான்னு பாத்தியா?"

"சீட்டு இருக்குதுப்பா. அளந்துதான் குடுத்திருக்காங்க."

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

"இது டீசல் பம்ப் இல்லப்பா. இதுல கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்றேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மாட்டுகிற வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. முதலில் பெட்ரோல் பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டோம். லைனில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்து முடித்து, இரண்டு தடவை குலுங்கித் தானாக நின்றது. ரெயிலைப் பிடித்திருக்கும் இரண்டு ஆலன் போல்ட்டைக் கழற்றி, ரெயிலை இரண்டு கையாலும் அசைத்து அசைத்து மேலே தூக்கினால் நாலு இன்ஜெக்டரும் அதோடு தொங்கிக்கொண்டு வரும். ஓட்டைகளில் உடனே சுத்தமான துணியை அடைத்தார் அண்ணன். அதற்குள் ஒரு மணல் விழுந்தால் நேராக வால்வுக்குப் போகும். புது ஓ-ரிங்குகளை ஒவ்வொன்றாக இன்ஜின் ஆயிலில் தொட்டு மாட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். காய்ந்த ரப்பரை அப்படியே அழுத்தினால் ஓரம் கிழியும். கிழிந்த இடத்தில் பெட்ரோல் பொசிந்து மானிபோல்டின் மேல் சொட்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் எதிர்த்து, பிறகு "டப்" என்று உள்ளே உட்கார்ந்தது. அந்த நாலு சத்தமும் எனக்குப் பிடித்திருந்தன. சாவியைப் பாதி திருப்பிப் பம்பை மட்டும் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கை வைத்து மோந்து பார்த்து, கசிவில்லை என்று உறுதியானபின்தான் ஸ்டார்ட் செய்தோம்.

அதற்கு முன்பே கம்ப்யூட்டரில் இரண்டு இடம் மாற்றியாகிவிட்டது. ஒன்று, இன்ஜெக்டரின் அளவைச் சொல்லும் எண். 315-ஐ 420-ஆல் வகுத்தால் 0.75, பழைய எண்ணை அதனால் பெருக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே திறந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றிவிடும். இன்னொன்றுதான் நுட்பமானது. கரண்ட் வந்ததும் ஊசி உடனே எழும்பாது, ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் தாமதமாகும். பேட்டரி வோல்ட் குறைந்தால் தாமதம் கூடும். ஐடிலில் மொத்தமே இரண்டு மில்லி செகண்ட் சொச்சம்தான் திறக்கிறது என்பதால், அதில் இந்தத் தாமதத்தைத் தப்பாகச் சொன்னால் வண்டி நின்ற இடத்தில் தடுமாறும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு வோல்டை இறக்கி, அணைத்து ஏற்றி, அண்ணன் மூன்று நாள் சாயங்காலம் அந்தப் பட்டியலைச் சரிசெய்தார். கடைசியில் ஐடில் அசையாமல் நின்றது. போனெட்டின் மேல் ஒரு ரூபாய்க் காசை நிற்கவைத்துப் பார்த்தேன். விழவில்லை.

சைலன்சரில் வைத்த ஆக்சிஜன் சென்சார், முழு மிதியில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.3 பங்கு காற்று என்று காட்டியது. டர்போ வண்டிக்கு அது நல்ல எண். முழுசாக எரிய 14.7 போதும், டர்போ அழுத்தத்தில் அப்படி ஓட்டினால் சூடு தாங்காது என்பதால் பெட்ரோலைக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது வழக்கம். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமும் எழுபத்தைந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது. எல்லாம் கணக்குப்படி.

ஜூலை மாசம் செட்டிப்பாளையத்தில் ஒரு டிராக் டே. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான டிராக். திருப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், இன்ஜினுக்கு மூச்சுவிட நேரம் தராது. முதல் ஆறு சுற்றும் நான் வாழ்நாளில் ஓட்டிய மிக நல்ல சுற்றுகள். திருப்பத்திலிருந்து வெளியே வந்து மிதிக்கும்போது வண்டி தயங்காமல், மேலே மேலே போகப் போக இன்னும் இன்னும் என்று கொடுத்தது. ஏழாவது சுற்றில் நேர்ச்சாலையின் நடுவில் ஏதோ ஒன்று குறைந்தது. சத்தம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடும் சப்பரத்தில் ஒருத்தர் தோளை எடுத்துவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை.

கம்ப்ரெஷன் பார்த்தோம். 165, 165, 90, 160. மூன்றாவது சிலிண்டர். பிளக்கைக் கழற்றி அண்ணன் என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். நகத்தால் கீறினால் சில புள்ளிகள் வெள்ளியாக மின்னின. பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்து ஒட்டியது. ஹெட்டைத் தூக்கி, பிஸ்டனை உருவிப் பார்த்தபோது இரண்டு ரிங் காடிகளுக்கு நடுவில் வரப்பு மாதிரி இருக்கும் பகுதி கட்டைவிரல் அகலத்துக்கு உடைந்து போயிருந்தது. பக்கத்து மூன்று பிஸ்டனும் புத்தம்புதுசு போல. வேறொருவர் வண்டியாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அந்த ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எந்த வண்டியானாலும் மூன்றாவதுதான் முதலில் போகும் என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். அண்ணன் அதை ஏற்கவில்லை. "மூணு பேரு நல்லா இருக்கறப்ப ஒருத்தன் மட்டும் எப்படிங்க செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லேப்டாப்பில் பதிவாகியிருந்த பழைய லாக்குகளை மறுபடி திறந்தார். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) வரும்போது கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்தது என்று தனித்தனியாக இருந்தது. முதல், இரண்டாவது, நாலாவது எல்லாம் இரண்டு மூன்று டிகிரி. மூன்றாவது மட்டும் ஒன்பது. முதல் நாளிலிருந்தே ஒன்பது. எண்கள் எங்கள் லேப்டாப்பிலேயே கிடந்தன, அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 12.3 என்ற நல்ல எண் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் நாலு இன்ஜெக்டரையும் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சங்ககிரிக்குப் போனேன். லாரிகளில் காமன் ரெயில் முறை வந்தபின் பழைய மைகோ பம்புகள் குறைந்துவிட்டதால் பம்ப் ரூம் பெரியவர் பெட்ரோல் இன்ஜெக்டருக்கும் ஒரு பெஞ்ச் வாங்கிப் போட்டிருந்தார். ஆறு குழாய்ப் பெஞ்சுக்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக நாலு குழாய் பெஞ்ச். அப்பாவும் வந்து அதே பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதலில் ஐடில் போல மெதுவாக ஓட்டினார். நாலு குழாயும் ஒரே மட்டம். என் மனசு விழுந்துவிட்டது. இன்ஜெக்டரில் குற்றமில்லை என்றால் வேறெங்கே போய்த் தேடுவது? பெரியவர் அசையவில்லை. "இருங்க தம்பி. நின்னுக்கிட்டு எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. ஓடச் சொல்லிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பதினைந்து செகண்டுக்கு முழுசாகத் திறந்துவிட்டார். நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழாய் மட்டத்துக்குக் குனிந்தார்.

105. 106. 92. 105.

சின்ன வயதில் பார்த்த அதே குனிவு. நானும் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மூன்றாவது குழாயில் பெட்ரோல் மட்டம் மற்ற மூன்றுக்கும் கீழே, ஒரு விரல் பள்ளத்தில் நின்றது.

பெரியவர் அந்த இன்ஜெக்டரின் தலைப்பக்கம் ஒரு சின்னத் திருகாணியைத் திருகி, குறடால் பிடித்து இழுத்தார். தொப்பி போல ஒரு பில்டர் வந்தது. கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. வெள்ளையாக இருக்க வேண்டிய வலை காப்பி டிகாக்‌ஷன் வண்டல் அடைத்தது போலப் பழுப்பாக இருந்தது. ஐடிலில் துளித்துளியாகப் போகும்போது அந்த அடைப்பு தெரியாது. வேகமாகப் போகப் போகத்தான் அதன் எதிர்ப்பு கூடும். அதுவும் ஊற்று இரு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும். இன்ஜின் எந்த நேரத்தில் பெட்ரோலை அதிகமாகக் கேட்கிறதோ அந்த நேரத்தில்தான் குறைத்துக் கொடுக்கும். கழுவினோம் என்று சீட்டில் இருந்தது. பில்டரைக் கழற்றாமலே கழுவியிருக்கிறார்கள்.

புது பில்டர் போட்டு ஓட்டியதும் 105 வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். நாலு குழாயின் சராசரி 102. சைலன்சரில் இருக்கும் சென்சார் நாலு சிலிண்டரின் புகையும் கலந்தபிறகுதான் பார்க்கிறது. அது சொன்ன 12.3 அந்தச் சராசரியின் எண். உள்ளே இருந்த நிஜம் வேறு. மூன்று சிலிண்டர் 11.9-இல் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன, மூன்றாவது 13.6-இல் ஓடிக்கொண்டிருந்தது. 1.2 பார் டர்போ அழுத்தத்தில், ஜூலை வெயிலில், நம் ஊர் சாதாரணப் பெட்ரோலில் 13.6. ஒவ்வொரு தடவை நான் மிதித்தபோதும் அது உள்ளே டொக் டொக் என்று அடி வாங்கியிருக்கிறது. ஒன்பது டிகிரி இழுத்துக்கொண்டு தாக்குப்பிடித்துப் பார்த்திருக்கிறது. நான் ரூபாய்க் காசை நிற்கவைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கார்புரேட்டர் காலத்தில் நாலு சிலிண்டருக்கும் ஒரே வாய். பக்கத்தில் இருப்பதற்கு அதிகமும் தூரத்தில் இருப்பதற்குக் குறைவுமாகப் போகும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். 2000 வாக்கில் மாருதி கார்களின் பின்னால் எம்பிஎஃப்ஐ என்ற எழுத்தைப் பெருமையாக ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் என்று அதற்கு அர்த்தம். கொடுப்பதைத் தனித்தனியாக்கினோம். கணக்குப் பார்ப்பது மட்டும் எல்லாம் ஒன்றாகக் கலந்தபிறகுதான்.

கோவைக்குத் திரும்பியபின்னும் அப்பா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான்தான் போன் பண்ணி, "நீங்க கேட்டப்பவே பாத்திருக்கணும்ப்பா" என்றேன். "பிஸ்டன் கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

கிடைத்தது. நாலு மாசம் ஆனது. ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றினால் எடை ஒத்துவராது என்பதால் நாலும் புதிது; மூன்றாவது சிலிண்டர் சுவரில் கீறல் இருந்ததால் போர் வேலையும் நடந்தது. அந்தச் செலவுக்குப் புது இன்ஜெக்டர் இரண்டு செட் வாங்கியிருக்கலாம். ஆனாலும் அதே இன்ஜெக்டர்களைத்தான் நாலுக்கும் புது பில்டர் போட்டு மறுபடி மாட்டினேன். அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் இந்தத் தடவை மூன்றாவது கியரில் ஒரே ஒரு முழு மிதி மிதித்து, அப்படியே சாவியை அணைத்து ஓரமாக நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு அட்டையில் வைத்துப் பார்த்தார். நாலும் ஒரே பழுப்பு. இக்னிஷன் இழுப்பு 2, 3, 2, 2. அப்புறம்தான் என்னிடம் சாவியைக் கொடுத்தார். இன்றுவரை அவர் பட்டறையில் யார் இன்ஜெக்டர் கொண்டுவந்தாலும், எந்தச் சீட்டோடு கொண்டுவந்தாலும், முதலில் பெஞ்சுக்குப் போகும்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாப் பங்கிலும் கிடைக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே உள்ளேயே இருப்பதால் அதே காற்றுக்கு அது அதிகமாக வேண்டும். இந்தக் கலவையில் ஏழெட்டு சதவீதம் கூட ஊற்ற வேண்டியிருக்கிறது. 2011-இல் கூடுதலாக வைத்துக்கொண்ட இடம் இன்றைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் எத்தனால் பழைய டேங்கிலும் லைனிலும் படிந்த வண்டலைக் கரைத்து எடுத்துவரும். அது வந்து நிற்கிற இடம் அந்தச் சின்ன வலைதான். ஹோஸ்களை மாற்றினேன். போன மாசம் இன்ஜெக்டர்களைக் கழற்றிக்கொண்டு மறுபடி சங்ககிரிக்குப் போனேன்.

அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. பம்ப் ரூம் பெரியவரும் இப்போது வருவதில்லை. அவரிடம் தொழில் கற்ற பையன் நடத்துகிறான். பையன் என்று நான் சொன்னாலும் நாற்பது வயசு. மொசைக் தரை அப்படியே இருக்கிறது. செருப்பை வெளியே விட்டேன். அவன் பில்டர்களை மாற்றி, பதினைந்து செகண்ட் ஓட்டிவிட்டு நின்றபடியே பார்த்தான்.

"105, 105, 106, 105. மூணாவது ஒண்ணு ஜாஸ்திங்ணா. ஒண்ணுதானுங்க, ஒண்ணும் ஆகாது."

"இன்னொரு தடவை ஓட்டு கண்ணு" என்றேன்.

ஓட்டினான். நின்றதும் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது குழாயின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கினேன். அவனும் குனிந்தான். குழாயின் ஓரத்தில் பெட்ரோல் லேசாக மேலேறி, நடுவில் குழிந்து நின்றது. குழியின் அடி கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

105.